பனி தாங்கும் கூரை என்று நம்பிப் போட்ட கோழிக் கொட்டகை

பல்லடத்திலிருந்து உடுமலை செல்லும் சாலையை ஒட்டிய எங்கள் தோட்டத்துச் சாளையின், அதாவது தோட்டத்து வீட்டின், மேற்குப் புறத்தில், நாட்டுக்கோழிகளுக்காக இருபதடிக்குப் பன்னிரண்டடி அளவில் தகரக் கூரை ஒன்றைச் சென்ற பங்குனியில் போட்டேன். சித்திரை முடிவதற்குள் அது காற்றில் பறந்துவிட்டது. கொட்டகை போட எண்ணியிருப்பவர்கள் நான் ஏமாந்த இடங்களை அறிந்துகொள்ளட்டும் என்றே இதை எழுதுகிறேன். 2012இல் ஈமுக் கோழியில் பணத்தைப் போட்டு இழந்தவர்களைப் பார்த்து உள்ளூரச் சிரித்தவன் நான் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வேலையை எடுத்தவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஏதோ ஒரு குளிர் நாட்டில், முழங்கால் உயரப் பனி படிந்த கோழிக் கொட்டகை அது. "இத்தனை பாரத்தையே தாங்குதுங்கண்ணா, நம்மூரு மழையெல்லாம் ஒரு கணக்குங்களா? இதே டிசைன்தானுங்க உங்களுக்கும்" என்றார். படத்தைப் பார்த்து நான் மயங்கியது உண்மை. ஓரடிக்குப் படிந்து இறுகிய பனி சதுர மீட்டருக்கு அறுபது கிலோ அளவுக்குக் கனக்கும் என்பதால், அதைத் தாங்குவது எதையும் தாங்கும் என்று நினைத்துவிட்டேன்.

பனி மேலிருந்து கீழே அழுத்துகிறது. அந்தப் பாரம் கம்பங்களின் வழியே மண்ணுக்கு இறங்கிவிடும். நம் பகுதியில் கூரையைப் பிடுங்குவதோ கீழிருந்து மேலே தூக்கும் காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்தில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி தொடங்கி ஆவணி வரை வீசும் காற்றை நம்பித்தான் கேத்தனூர்ப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. கோடை மழையோடு வரும் சூறைக்காற்று அதற்கும் மேலான முரடு. கட்டடங்களுக்கான ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரநூலின் மூன்றாம் பகுதி, கோவைக்கு நொடிக்கு 39 மீட்டர் காற்று வேகத்தைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. அதை அழுத்தமாக மாற்றினால் சதுர மீட்டருக்குத் தொண்ணூறு கிலோவைத் தாண்டும். எங்கள் கூரைப் பரப்புக்கு அது இரண்டு டன். அதில் பாதி மட்டுமே மேல்நோக்கித் தள்ளினாலும் ஒரு டன் ஆகிறது. கூரைத் தகடுகள் ஆறும் சேர்ந்து எழுபது கிலோகூட இல்லை.

போதாக்குறைக்கு, மூன்று பக்கம் வலையடித்து, நான்காவது பக்கமாகச் சாளைச் சுவரையே வைத்துக் கட்டியிருந்தார். மேற்கிலிருந்து உள்ளே புகும் காற்று சுவரில் முட்டினால் மேலே போவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. மேற்கு ஓரத்தில் தகடுகளை ஒன்றரை அடி வெளியே நீட்டியும் விட்டிருந்தார். நிழலுக்காக என்றார், எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்கு மேல் ஆலங்கட்டி விழத் தொடங்கியது. பத்து நிமிடத்திற்குள் அந்த நீட்டல்தான் முதலில் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு நான்கு தகடுகள் ஒன்றாகக் கிளம்பித் தென்னந்தோப்புக்குள் போய் விழுந்தன. மேற்கு ஓரத்துக் கம்பங்கள் இரண்டும் வேரோடு பிடுங்கிய மரவள்ளிபோல் சாய்ந்து கிடந்தன. ஓரடிக் குழிதான் எடுத்திருக்கிறார்கள், அடியில் ஒட்டியிருந்தது இரண்டு சட்டிக் கலவைகூட இருக்காது. முப்பத்தெட்டு உருப்படிகளில் பதினொன்று செத்தன. அடையில் இருந்த சிறுவிடை இனப் பெட்டை, தகடு சரிந்து விழுந்தும் முட்டைகளை விட்டு எழாமல் அப்படியே நசுங்கியிருந்தது. என் மனைவி இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

பறந்த தகடுகளில் ஸ்குரூ ஓட்டைகள் புளியங்கொட்டை அளவுக்கு இழுபட்டுக் கிழிந்திருந்தன. அப்போதுதான் தகட்டின் தடிமன் மீது சந்தேகம் வந்தது. அரை மில்லிமீட்டர் என்று வாயால் சொல்லித்தான் சதுர அடிக்கு 210 ரூபாய் பேசினார். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போய் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தார். பெயிண்டோடு சேர்த்தே 0.35 தான். மைக்ரோமீட்டர் இல்லாதவர்கள் தராசில் வைத்தாலே போதும். மேடுபள்ளமாக உருட்டுவதற்கு முன் நாலடி அகலம் கொண்ட பன்னிரண்டடிக் கலர் ஷீட், பெயிண்டோடு அரை மில்லிமீட்டர் இருந்தால் பதினாறு கிலோ அளவுக்கு நிற்க வேண்டும். எங்களுடையது பதினொன்றரைக் கிலோவைத் தொடவில்லை. நல்ல நிறுவனத் தகடுகளின் பின்பக்கத்தில் பெயரும் தடிமனும் அச்சிட்டிருக்கும். எங்கள் தகடுகளில் எந்த எழுத்தும் இல்லை. இறக்கும்போதே ஒன்றைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். நான் அவர்களுக்கு டீ வாங்கப் போயிருந்தேன்.

குறுக்குப் பைப்புகளை நாலடிக்கு ஒன்றாக நான்கு வைப்பதாகப் பேச்சு. வைத்ததோ ஆறடிக்கு ஒன்றாக மூன்று. ஸ்குரூக்களுக்கு ரப்பர் வாஷர் இல்லை, வெயிலில் நொறுங்கும் பிளாஸ்டிக்தான் இருந்தது. வேலையை எடுத்தவரைப் போனில் அழைத்துக் கேட்டதற்கு, "இயற்கைச் சீற்றத்துக்கு நாங்க என்னங்கண்ணா பண்ண முடியும்?" என்றார். அதே மழையில் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் இருபது வருடத்துச் சிமெண்ட் அட்டைக் கொட்டகை அசையவில்லை என்று சொன்னதும் இணைப்பைத் துண்டித்தார். தெரிந்த வக்கீல் ஒருவர், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம் என்றார். ஆனால் தடிமன் எதில் எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டபோது என்னிடம் இருந்தது, "கலர் ஷீட் கோழி செட்டு, 50,400" என்ற ஒரேயொரு வாட்ஸ்அப் வரிதான்.

இப்போது உள்ளூர் வெல்டர் ஒருவரைக் கொண்டு திரும்பக் கட்டியிருக்கிறேன். இரண்டரை அடிக் குழி, கம்பத்தின் அடியில் குறுக்காகக் கம்பி வைத்து வெல்டிங், சுற்றிலும் கான்கிரீட். மேற்கே மூன்றடிக்குக் கல் சுவர் எழுப்பி, சாளைச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்று வெளியேற ஒரு முழம் இடைவெளி விட்டிருக்கிறோம். ஓரங்களில் தகட்டின் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு ஸ்குரூ போட்டாயிற்று. தகடுகளை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றிய பிறகே மேலே தூக்க விட்டேன். கடைக்காரர் முகம் சுளித்தார், பரவாயில்லை.

பழையதில் கிழியாமல் தப்பிய இரண்டு தகடுகளைச் சாணிக் குழியின் மேல் போட்டு, ஆளுக்கொரு பக்கமாகக் கல் தூக்கி வைத்திருக்கிறோம். பேசிய தொகையில் நான் நிறுத்தி வைத்த ஐயாயிரத்தைக் கேட்டு முதலில் வேலையை எடுத்தவர் இன்னமும் மாதம் ஒரு முறை போன் செய்கிறார்.