எந்தத் தேயிலைக்குக் காசைக் கொடுப்பது?

எங்கள் அம்மாயி 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்திலிருந்து திருகோணமலைக்கு வந்தவர். அன்புவழிபுரத்தில் இருந்த காலம் முழுக்க, தேயிலைத்தூளை உள்ளங்கையில் கொட்டி விரலால் கிளறி, காம்பு எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்துத்தான் வாங்குவார். "சாக்குக்கு ஒரு றாத்தல், தண்ணிக்கு ஒரு றாத்தல்ன்னு கழிச்சிட்டுத்தான் பேர் போடுவாங்க" என்பார், தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் விதத்தைப் பற்றி. பேர் என்றால் ஒரு நாள் சம்பளக் கணக்கு. அதனால் தேயிலையை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: கொழுந்தைத் தராசில் நிறுத்த பிறகு, அது விற்ற காசில் கொழுந்து எடுத்தவருக்கு என்ன உரிமை?

சந்தைப் பக்கக் கடைகளில் நிறுத்துத் தரும் டஸ்ட் (பொடித்தூள்) மலிவு, சாயமும் நன்றாக இறங்கும். ஆனால் எந்தத் தோட்டத்துத் தூள் என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது. சிங்க இலச்சினை போட்ட பைக்கற் அதைவிட நியாயமானது என்று பலர் நம்புகிறார்கள். தேயிலைச் சபையின் அந்த இலச்சினை சொல்வது, உள்ளே இருப்பது முழுவதும் இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது, சபையின் தர அளவுக்கு ஏற்றது என்பதை மட்டும்தான். தொழிலாளியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அடுத்தது தவளை முத்திரையும் ஃபெயார்ட்ரேட் எனும் நியாய வணிக முத்திரையும். ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் என்ற அமைப்பின் தவளை முத்திரை காடு, நீரோடை, பூச்சிமருந்தடிப்பவரின் பாதுகாப்பு, குடியிருப்பு, குடிநீர் எல்லாவற்றையும் பரிசோதிக்கிறது. இதைச் சின்ன விசயமாக நான் நினைக்கவில்லை. வெறுங்காலோடு மருந்தடித்தவர்களின் கதையை அம்மாயியிடம் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் நாட்சம்பளத்தைத் தவளை தீர்மானிப்பதில்லை. அது சம்பளச் சபையிலும் பேச்சுவார்த்தையிலும் இழுபடும் விசயம்: 2021இல் 1000 ரூபாய், 2024இல் அடிப்படை 1350. ஃபெயார்ட்ரேடில், விற்ற ஒவ்வொரு கிலோவுக்கும் விலைக்கு மேலே ஒரு தொகை தனியாக வருகிறது. அதை எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுப்பது தொழிலாளர்கள் தெரிவு செய்த குழு, தோட்டத்தை நடத்தும் துரை அல்ல. கங்காணிக்கு முன் வாய் திறக்காமல் வளர்ந்த பெண்கள் ஒரு மேசையில் இருந்து, பிள்ளைகளின் படிப்புக்கா தண்ணீர்த் தாங்கிக்கா என்று கையுயர்த்துவது பெரிய மாற்றம். குறை என்னவென்றால், ஃபெயார்ட்ரேட் என்று விற்ற பங்குக்கு மட்டுமே அந்தத் தொகை. மிச்சம் வழமைபோல் ஏலத்துக்குப் போகும். இரண்டில் ஒன்றைக் கேட்டால் நான் ஃபெயார்ட்ரேடைத்தான் எடுப்பேன்.

பெரிய கம்பனித் தோட்டமா, சிறு தோட்ட உடைமையாளரா என்பது இதைவிடச் சிக்கல். நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ 70 வீதம் சிறு உடைமையாளர்களின் கொழுந்து. தொழிற்சாலை விற்ற விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்பது விதி. ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக்கொழுந்து வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தராசில் கழிக்கும் ஒவ்வொரு கிராமும் யாருடையது என்று விளங்கும். நிலம் அவர்களுடையது, அதனால் பேரம் பேசலாம். ஆனால் 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோது பெரிய அடி அவர்கள் தலையில் விழுந்தது. அவர்களிடம் கூலிக்குக் கொழுந்து எடுப்பவருக்கு ஓய்வுகாலத்துக்கான சேமலாப நிதி இல்லாமல் போவதும் உண்டு. சிறு காணி என்றாலே நியாயம் என்று சொல்ல என்னால் முடியாது.

சில கம்பனிகள் தேயிலை மலையைத் துண்டு துண்டாகத் தொழிலாளிக்குப் பிரித்துக் கொடுத்து, கிலோ கணக்கில் காசு தருகின்றன. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்ற பயம் போகிறது. ஆனால் மழை பொய்த்த மாதத்தின் நட்டம் கம்பனியிடமிருந்து தொழிலாளி குடியிருக்கும் லயத்துக்கு இடம் மாறுகிறது. காணி உறுதி கைக்கு வராத வரைக்கும் இது பாரத்தை இடம் மாற்றுவது மட்டுமே என்பது என் எண்ணம். எல்லப் பக்கத்து அம்பா தோட்டம் போல வருமானத்திலேயே 10 வீதத்தைப் பகிர்வது வேறு விதம். அங்கே தேயிலை நல்ல விலைக்குப் போனால் எடுத்தவர் வீட்டுக்கும் காசு கூடப் போகும். சின்ன இடம் என்பதால் அது சாத்தியமானது.

முத்திரை போட்ட தேயிலை பெரும்பாலும் கப்பலேறிவிடுகிறது, எங்கள் கடைகளில் தேடினாலும் கிடைப்பது அரிது. ஆகவே எங்கிருந்து வந்த தூள் என்றாவது தெரியட்டும் என்று, கண்டி பஸ்ஸில் வரும் உறவுக்காரரிடம், தொழிற்சாலையின் பெயரும் ஊரும் அச்சடித்த பைக்கற்றைச் சொல்லி எடுக்கிறேன். உள்ளூர்க் கடையிலும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். போன மாதம் கடைக்காரர் அப்படி இரண்டு வகை இறக்கி, தட்டில் முன்னுக்கு வைத்திருந்தார். நான் ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். காம்பு குறைவு.