மொட்டை மாடியா, காலிமனையா, அடுக்குப் பண்ணையா?

நகரத்தில் உணவு விளைவிப்பது பற்றிப் பேச்செடுத்தால் பலரும் காட்டும் படம் ஒன்றுதான்: ஜன்னலற்ற கூடம், ஊதா வெளிச்சம், தட்டுத்தட்டாகக் கீரை, அதாவது அடுக்குப் பண்ணை. பார்க்க அழகுதான். ஆனால் செலவு, உழைப்பு, பலன் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் என் ஓட்டு, கேட்பாரற்றுக் கிடக்கும் காலிமனைக்கே.

அந்த ஊதா வெளிச்சத்தின் மூல யோசனை, கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டிக்சன் டெஸ்போமியர் 1999-ல் தம் மாணவர்களோடு வளர்த்தெடுத்தது. நீர் சுழன்று திரும்பி வருவதால் வயலுக்குத் தேவைப்படுவதில் சிறு பங்கே போதும். பூச்சிமருந்தும் அநேகமாக வேண்டாம். எல்லாம் சரி, சூரியன் இலவசமாகச் செய்த வேலைக்கு இங்கே மின்கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறதே! அதனால்தான் சில வாரங்களில் அறுவடையாகும் இலைப்பயிர்களைத் தாண்டி இது பெரிதாகப் போகவில்லை. நெல்லும் கோதுமையும் கட்டுப்படியாகாது. அமெரிக்காவில் ஏரோஃபார்ம்ஸ் என்ற அடுக்குப் பண்ணை நிறுவனம் 2023-ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. இன்னொரு நிறுவனமான பௌரி ஃபார்மிங் 2024-ல் மூடப்பட்டது. சிங்கப்பூரைப் போல விளைநிலமே அரிதான நாடு இதை முயன்று பார்ப்பதில் நியாயம் உண்டு. மற்றவர்களுக்கு அவசரமில்லை.

மாடித்தோட்டத்துக்கு யாரிடமும் நிலம் கேட்க வேண்டாம். தளத்தின் சூடு தணியும், சமையலறைக் கழிவு உரமாகும். சிக்கல் எடையில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் ஈரமண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும்; பதினைந்து செ.மீ. ஆழப் பாத்தி என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. பல தளங்கள் இதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த பைகள் சுமையைக் குறைக்கும், நீர்க்கசிவைத் தடுக்காது. கோடையில் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறியவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை. ஒரு குடும்பத்தின் கீரைக்கும் மிளகாய்க்கும் சரி, ஒரு தெருவுக்குப் போதாது.

தெருவுக்கே விளைவிக்க வேண்டுமென்றால் தரைதான். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க வீட்டுத் தோட்டங்களும் பொதுத் தோட்டங்களும் நாட்டின் காய்கறியில் ஏறத்தாழ 40 சதவீதத்தைத் தந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்து, அங்கிருந்து வந்த எண்ணெயும் உரமும் நின்றுபோனபோது, கியூபாவின் தலைநகர் ஹவானா தன் காலிமனைகளில் மேட்டுப்பாத்தி கட்டிக்கொண்டது. இரண்டும் நெருக்கடிக் காலம் என்பது உண்மையே. ஆனால் அந்த நெருக்கடியில் கைகொடுத்தவை மண்ணும் வெயிலும் அக்கம்பக்கத்து ஆட்களும்தான்.

நகரமண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பழைய பெயின்ட்டிலிருந்தும் ஈயம் கலந்த பெட்ரோலிலிருந்தும் படிந்த ஈயம் மண்ணிலேயே தங்கிவிடும். பரிசோதித்துவிட்டு, தேவையானால் நல்ல மண் கொட்டி மேட்டுப்பாத்தி அமைக்கலாம்.

இதற்கெல்லாம் வழியுண்டு. வழியில்லாதது நிலத்தின் மீதான உரிமை. லாஸ் ஏஞ்சல்ஸில் சுமார் 350 குடும்பங்கள் பயிர்செய்த 14 ஏக்கர் தோட்டத்தை 2006-ல் புல்டோசர் வந்து வழித்தெடுத்தது. பெர்லினில் 2009-ல் தொடங்கிய ‘இளவரசியர் தோட்டம்’ என்ற பொதுத் தோட்டத்துக்காரர்கள் கொஞ்சம் சூதானமானவர்கள்: இடம் நிரந்தரமல்ல என்று தெரிந்தே பெட்டியிலும் சாக்கிலும் பயிர்வைத்தார்கள். பின்னாளில் அவர்களில் ஒரு பகுதியினர் அதே நகரின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றில் போய்ப் பாத்தி பிடித்தார்கள்.