டவுன்ஹால் சந்தில் ஓர் இசைத்தட்டுக் கடை

கோவை டவுன்ஹாலை ஒட்டிய சந்தில் இருக்கும் இந்தப் பழைய இசைத்தட்டுக் கடையில் ஈராண்டுகளாகக் கர்நாடக இசைத் தட்டுகளை வாங்கியும் விற்றும் வருகிறேன். 1963இல் வெளியான எம்.எஸ்.சுப்புலட்சுமியின் சுப்ரபாதத் தட்டு எங்கும் கிடைக்கும். ஆனால் விடியற்காலை தோறும் ஓடித் தேய்ந்த தட்டு அது என்பதால், கீறல் இல்லாத பிரதி அபூர்வம். அப்படி ஒன்றை இங்கேதான் கண்டெடுத்தேன்.

கடைக்காரர் தட்டின் விளிம்பை மட்டும் பிடித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டிய பிறகு, "கேட்டுப்போட்டு எடுத்துக்கோங்க" என்று ஊசியைக் கடைசிப் பகுதியில் வைத்தார். மையத்தை நெருங்க நெருங்க ஊசிக்கு அடியில் தடம் நகரும் வேகம் குறைவதால், தேய்மானத்தின் கரகரப்பு அங்கேதான் முதலில் காதில் விழும். அதை அறிந்து, மறைக்காமல் கேட்கவைக்கும் நேர்மைக்காகவே இக்கடையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டுகளுக்கு அகலமான ஊசியைத் தனியே மாற்றுகிறார்.

விற்கப் போனால், உறை கிழிந்திருந்தாலே விலையைப் பாதியாக்கிவிடுகிறார், அது நியாயந்தான். ஆனால் தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தாமல் படுக்கைவாட்டில் அடுக்கியிருப்பது எனக்கு வருத்தமே. அடியில் கிடந்த ஒரு வீணைத் தட்டு வளைந்துபோயிருந்ததால் வாங்காமல் திரும்பினேன்.