விலைச் சீட்டு எழுத்தை எண்ணாக்கும் சூத்திரங்கள்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

திருநெல்வேலி டவுணில் நான் கணக்குப் பார்க்கும் பாத்திரக்கடையில், ஒவ்வொரு பொருளின் சீட்டிலும் விற்பனை விலை எண்ணாகவும் கொள்முதல் விலை எழுத்தாகவும் எழுதப்பட்டிருக்கும். பேரம் பேசும்போது எதுவரை இறங்கலாம் என்பது விற்பனையாளருக்குத் தெரிய வேண்டும், வாடிக்கையாளருக்குத் தெரியக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மார்ச் 31 இருப்புக் கணக்கில் சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிட வேண்டியிருப்பதால், சீட்டில் உள்ள எழுத்துகளை எக்செலில் எண்ணாக்கும் வேலை ஆண்டுதோறும் என்னிடம் வரும்.

கடையின் குறியீட்டை இங்கே சொல்ல இயலாது. விளக்கத்துக்காக வல்லினம் ஆறையும் இடையினத்தின் முதல் நான்கையும் சேர்த்து ‘கசடதபறயரலவ’ என்று வைத்துக்கொள்வோம். க என்பது 1, ச என்பது 2 என்று போய், ல என்பது 9, வ என்பது 0. சீட்டில் ‘சதபவ’ என்றிருந்தால் 2,450 ரூபாய்.

எழுத்தை எண்ணாக்க வழி கேட்டால் பலரும் முதலில் சொல்வது, எழுத்துக்குரிய கணினி எண்ணைத் தரும் ‘கோடு’ (CODE) என்னும் சார்பைத்தான் (சூத்திரத்தில் பயன்படும் ஆயத்தக் கட்டளையே சார்பு). ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அது 65 முதல் 90 வரை தொடர்ச்சியாக எண் தருவதால், 64ஐக் கழித்தால் வரிசை எண் கிடைத்துவிடும். தமிழுக்கு அது பொருந்தாது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் எக்செலுக்கு வந்த ‘யூனிகோடு’ சார்பைப் பயன்படுத்தினால் க 2965, ச 2970, ட 2975, த 2980 என வரும். ஐந்தைந்தாகக் கூடுகிறதே என்று நம்பினால் ப 2986 என்று நிற்கும். எண்கள் தாவிப் போவதற்கு, பிற இந்திய மொழிகளின் எழுத்துகளுக்கு நேரான இடங்கள் தமிழ்ப் பகுதியில் காலியாக விடப்பட்டிருப்பது காரணம்; ப ஓர் எண் கூடுதலாகத் தள்ளிப்போவதற்கு, அதற்கு முன் ந, ன இரண்டும் இருப்பது காரணம். ஆகவே கழித்தல் வழியைக் கைவிடுவதே நல்லது.

அடுத்தது ‘மிட்’ கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து, அது குறியீட்டுச் சொல்லில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று ‘ஃபைண்ட்’ கொண்டு கண்டுபிடிக்கும் வழி. இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. வெற்றுச் சரத்தை, அதாவது எழுத்தே இல்லாத உரையை, தேடச் சொன்னால் எக்செலின் ‘ஃபைண்ட்’ பிழை காட்டாமல் 1 என்று விடை தரும். நான்கு இலக்கத்துக்கென எழுதிய சூத்திரத்தில் ‘சதப’ என்ற மூன்றெழுத்துச் சீட்டு வந்தால், நான்காம் இடம் வெற்றாக இருப்பதால், 245 ரூபாய்க் குடம் 2,451 ரூபாயாகக் கணக்கில் ஏறிவிடும். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இத்தனை காலமும் என்னைக் கைவிடாதது ‘சப்ஸ்டிடியூட்’ சார்புதான். கவுக்குப் பதில் 1, சவுக்குப் பதில் 2 என்று பத்து மாற்றங்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் வெளியே, உரையை எண்ணாக மாற்றும் ‘வேல்யூ’ சார்பை வைத்துவிட்டால் போதும். சீட்டில் எத்தனை எழுத்து இருந்தாலும் அதே சூத்திரம் வேலை செய்யும். 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏழு அடுக்குகளுக்கு மேல் வைக்க இயலாது. 2007 முதல் 64 வரை வைக்கலாம். ‘வேல்யூ’வை விட்டுவிட்டால் விடை பார்ப்பதற்கு எண்ணாகத் தெரிந்தாலும் உரையாகவே இருக்கும், கூட்டுத்தொகையில் சேராது.

இந்த வழியில் நான் மிகவும் மதிப்பது, அது தவறை மறைக்காமல் இருப்பதை. தட்டச்சில் க என்பது கி ஆகிவிட்டால், கணினிக்கு அது கவும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு எழுத்துகள்; க மட்டும் 1 ஆகிக் குறி தனியே எஞ்சுவதால் ‘வேல்யூ’ உடனே பிழை காட்டும், நாமும் சரக்கை எடுத்துச் சீட்டைப் பார்த்துவிடலாம்.

ஒரே இலக்கம் அடுத்தடுத்து வரும்போது அதை மறைக்கத் தனியெழுத்து ஒன்றைப் போடும் கடைகளுக்கு இந்த அடுக்கு அப்படியே போதாது. ழ அந்த எழுத்து என்றால், ‘கழ’ 11 என்றும் ‘சழ’ 22 என்றும் மாறும் பத்து அடுக்குகளை உள்ளே, முதலில் நடக்கும்படி, சேர்த்துக்கொள்ள வேண்டும். சூத்திரம் நீளும், ஆனால் தடுமாறாது.

இன்னொன்று: கடையின் ரகசியம் முழுவதும் அந்தச் சூத்திரத்தில் வெளிப்படையாக இருக்கிறது. தாளை மறைத்து வைப்பது பாதுகாப்பாகாது. யாரும் இரண்டு சொடுக்கில் திறந்துவிடலாம். கோப்பைத் திறப்பதற்கே கடவுச்சொல் வைத்து, அதைக் கடை அண்ணாச்சியிடமும் கொடுத்திருக்கிறேன். தணிக்கையாளருக்கு அனுப்பும் பிரதியில் சூத்திரங்களை நீக்கி, மதிப்புகளை மட்டும் ஒட்டி அனுப்புகிறேன்.