வைரஸ் ஃபில்டர் என்று பெயிண்ட் ஃபில்டரை விற்கிறார்கள், உஷார்

கேஸ் மாஸ்க்கில் மாட்டுகிற ஃபில்டரை "வைரஸ், பாக்டீரியா எதுவும் உள்ளே வராது" என்று சொல்லி ஆன்லைனில் ஒருவர் எனக்கு விற்றார். வந்த பொருளுக்கும் வைரஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பணத்தை மீட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதே படத்தோடு அதே பொருள் இன்னும் விற்பனையில் இருப்பதால்தான் இந்தப் பதிவு.

தேவை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவுக்கு நுரையீரல் காசநோய். மருந்து ஆரம்பித்த புதிது, இருமல் அடங்கவில்லை. அவரைப் பார்த்துக்கொள்வது நான். என்95 மாஸ்க் போட்டால் என் கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே இருக்கும். ஆவி படிகிறது என்றால் மூக்கோரம் காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம். தம்பி கார் பெயிண்ட் அடிக்கிறவன். அவனிடம் முகம் முழுக்க மூடும் ரப்பர் மாஸ்க் ஒன்று சும்மா கிடந்தது, 40 மி.மீ. மரை உள்ளது. அதற்கு நல்ல துகள் ஃபில்டர் வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. இதுதான் கணக்கு.

துகள் ஃபில்டரில் உயர்ந்த வகுப்புக்கு பி3 என்று பெயர். விற்பவரிடம் தெளிவாகவே கேட்டேன்: "பி3 இருக்கிறதா? காசநோயாளி பக்கத்தில் இருக்கப் போகிறேன்." பதில் உடனே வந்தது: "இருக்கு சார். கார்பனும் இருக்கு, நானோ சில்வரும் இருக்கு. பி3-ஐ விட ஒரு படி மேல. கிருமி ஒட்டினாலே செத்துடும்." அதோடு ஒரு வீடியோ. மாஸ்க் போட்ட ஒருவர் முகத்துக்கு நேரே சென்ட் அடிக்கிறார்கள், அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். வாசனையே உள்ளே வரவில்லையாம், அப்புறம் வைரஸ் எப்படி வரும் என்று கேள்வி.

இந்த சென்ட் வித்தையில்தான் பலர் விழுகிறார்கள். சென்ட் வாசனை என்பது ஆவி, தனித்தனி மூலக்கூறுகள். கார்பன் அதைப் பிடித்து ஒட்டவைத்துக்கொள்ளும். கிருமி அப்படி வருவதில்லை. இருமும்போதும் பேசும்போதும் கிளம்பும் நுண்திவலைகளில் ஏறி, துகளாக வருகிறது. காசநோய்க் கிருமியைச் சுமந்து மிதக்கும் துகள் ஏறக்குறைய 1 முதல் 5 மைக்ரான். கார்பன் குருணைகளுக்கு நடுவே இருக்கிற சந்து அதைவிட எத்தனையோ மடங்கு பெரியது, தாராளமாக நுழைந்து வரும். இன்னொரு பக்கம், உண்மையான துகள் ஃபில்டரை மட்டும் மாட்டிக்கொண்டு சென்ட் அடித்தால் வாசனை நன்றாகவே வரும். அதைப் பார்த்து "டூப்ளிகேட்" என்று நல்ல ஃபில்டரைத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. மாஸ்க் முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று முறையாகச் சோதிக்கிறவர்கள் சென்ட் அடிப்பதில்லை. சாக்கரின் கரைசலையோ ஒரு கசப்புக் கரைசலையோ நுண்திவலையாகத் தெளித்து, நாக்கில் இனிப்போ கசப்போ தெரிகிறதா என்று கேட்பார்கள்.

பார்சல் வந்தது. இரண்டு கேனிஸ்டர், மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி. உருப்படியான ஃபில்டர் என்றால் வாய்க்கு மூடியும் அடிப்பக்கம் அடைப்பானும் இருக்கும், இல்லையென்றால் காற்றுப் புகாத உறையில் இருக்கும். இதில் ஒன்றுமில்லை. கையில் எடுத்து ஆட்டினேன், சலசலவென்று சத்தம். கார்பனை நன்றாக இறுக்கி அடைத்திருந்தால் சத்தம் வராது. தளர்ந்து போனால் காற்று ஒரு பக்கமாக வழி பண்ணிக்கொண்டு போய்விடும், அப்போது பெயிண்ட் ஆவியைக்கூட ஒழுங்காகப் பிடிக்காது. தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டியதும் வெள்ளைத் துணியில் கறுப்புத் தூள் கொட்டியது. அது நம் மூச்சுக்குள் போக வேண்டிய தூள்.

சுற்றிலும் பளபளவென்று வெள்ளை ஸ்டிக்கர். அதில் பச்சை நிறத்தில் வைரஸ் படம், மேலே ஒரு சிவப்புக் கோடு, "99.9%". ஓரம் ஒரு இடத்தில் லேசாகத் தூக்கியிருந்தது. ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டி மெதுவாக உரித்தேன். கீழே தயாரிப்பாளரின் அசல் லேபிள்: பழுப்புப் பட்டை, "ஏ1" என்ற குறி, மணற்கடிகாரப் படம், பக்கத்தில் முடிந்துபோன தேதி. பழுப்பு என்றால் தின்னர், பெயிண்ட் மாதிரியான கரிம ஆவிகளுக்கு மட்டும். 1 என்றால் அதிலும் கொள்ளளவு குறைந்த வகுப்பு. தம்பி பார்த்துவிட்டுச் சிரித்தான்: "அண்ணே, இது எங்க ஷெட்ல தூக்கிப் போடற ஃபில்டர்."

இந்தக் குறிகளைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்று வேலை அங்கேயே நின்றுவிடும். ஐரோப்பிய முறையில் பழுப்பு கரிம ஆவி, சாம்பல் குளோரின் போன்ற வாயுக்கள், மஞ்சள் சல்பர் டை ஆக்சைடு வகை, பச்சை அம்மோனியா. துகளுக்கு வெள்ளைப் பட்டை, கூடவே பார்ட்டிகிள் என்பதன் முதல் எழுத்தான பி (P). ஈஎன் 143 தரப்படி பி1 குறைந்தது 80%, பி2 94%, பி3 99.95% துகளைப் பிடிக்க வேண்டும். வாயுவும் துகளும் சேர்த்துப் பிடிக்கிற கலவை ஃபில்டரில் இரண்டு பட்டையும் இருக்கும், குறியின் கடைசியில் பி3 என்று வரும். வெள்ளைப் பட்டையும் அந்த எழுத்தும் இல்லையென்றால் கிருமிக்கு அது வெறும் டப்பா.

ஆனால் கலரை மட்டும் நம்பியும் வாங்காதீர்கள். அமெரிக்க முறையில் வெள்ளை என்றால் அமில வாயு, கறுப்பு என்றால் கரிம ஆவி. துகளுக்கு உயர்ந்த வகையான பி100 கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் இருக்கும், 99.97% பிடிக்க வேண்டும். அதனால் கலரோடு எழுத்தையும், எந்த நாட்டுத் தரம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

லேபிளைப் படம் எடுத்து அனுப்பியதும் விற்பவரின் தொனி மாறிவிட்டது. முதலில் "அது பழைய பேக்கிங் சார், உள்ளே வேற மெட்டீரியல்" என்றார். சரி, டெஸ்ட் சான்றிதழ் அனுப்புங்கள் என்றேன். வந்த பிடிஎஃபில் ஈஎன் 14387 என்று இருந்தது. அது வாயு ஃபில்டருக்கும் கலவை ஃபில்டருக்கும் உரிய தரம். வகை என்ற கட்டத்தில் ஏ1 என்று மட்டும்தான் போட்டிருந்தது, பி என்ற எழுத்தே இல்லை. தன் பொய்யைத் தானே சான்றிதழ் போட்டு அனுப்பிய மனிதர்! அவருடைய ஸ்டிக்கரில் ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்ட பொருள் என்று காட்டும் சிஇ முத்திரையும் உண்டு. இந்த மாதிரி சுவாசக் கவசத்துக்கு அந்த முத்திரையை ஒட்டி, சோதனையைக் கண்காணிக்கிற அமைப்பின் நாலு இலக்க எண் வர வேண்டும். அங்கே எண்ணே கிடையாது.

அடுத்து அறிவியல் பேச ஆரம்பித்தார். வைரஸ் 0.1 மைக்ரான், பி3-ஐ சோதிப்பது 0.3 மைக்ரானில், ஆகவே பி3-யில் வைரஸ் புகுந்துவிடும், எங்கள் நானோ துளையில் புகாது என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஃபில்டர் சல்லடை மாதிரி வேலை செய்வதில்லை. அவ்வளவு சின்னத் துளைகளாக இருந்தால் மூச்சே இழுக்க முடியாது. பெரிய துகள் திரும்ப முடியாமல் இழையில் மோதி ஒட்டுகிறது. மிகச் சிறிய துகள் காற்று மூலக்கூறுகள் இடித்துத் தள்ளத் தாறுமாறாக அலைந்து இழையில் போய் முட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே 0.3 மைக்ரானை ஒட்டிய அளவுதான் பிடிக்கக் கஷ்டமானது, அதனால்தான் அங்கே சோதிக்கிறார்கள். அதைவிடச் சிறியது இன்னும் எளிதாகவே மாட்டும்.

பெட்டிக்குள் இருந்த துண்டுச் சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். "வாரம் ஒருமுறை ஸ்பிரிட்டில் கழுவிக் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம்." தயவுசெய்து எந்த ஃபில்டரையும் இப்படிச் செய்யாதீர்கள். பல துகள் ஃபில்டர்களின் இழையில் மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள், துகளை இழுத்துப் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. ஆல்கஹால் பட்டால் அந்த மின்னூட்டம் போய்விடும். பார்க்க அப்படியே இருக்கும், பிடிக்கிற சக்தி இருக்காது.

ரிட்டர்ன் கேட்டால் "சீல் பிரிச்சாச்சு, சுகாதாரப் பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். இல்லாத சீலை நான் எங்கே பிரித்தேன் என்று தெரியவில்லை. கடைசியில் சமாதானமாக "மிலிட்டரி கிரேடு" மாற்று அனுப்புவதாகச் சொல்லிப் படம் காட்டினார். பச்சை பெயிண்ட் அடித்த பழைய ராணுவக் கழிவுச் சரக்கு. இது முந்தையதைவிட மோசம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் மாஸ்க் ஃபில்டர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது தெரிந்த விஷயம். வேறு பழைய சரக்குகளிலும் இருக்கலாம். 40 மி.மீ. மரை என்பதால் பல மாஸ்க்குகளில் கச்சிதமாக ஏறிவிடும், அதுதான் ஆபத்து. மரை பொருந்துவது வேறு, உள்ளே இருப்பது வேறு. சுவரில் மாட்டி அழகு பார்ப்பதாக இருந்தாலும் அந்த ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள்.

பணத்தை மீட்டுத் தந்தது மூன்று படங்கள்: ஸ்டிக்கரோடு கேனிஸ்டர், பாதி உரித்த நிலை, அசல் லேபிளில் தேதியும் ஏ1-ம். கூடவே "பி3 இருக்கு சார்" என்று அவர் எழுத்தில் சொன்ன அரட்டை. விற்பனைத் தளத்தில் புகார் கொடுக்கும்போது "தரமில்லை" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்தேன், தள்ளுபடி செய்துவிட்டார்கள். "விளக்கத்தில் சொன்ன பொருள் அல்ல" என்று மாற்றிப் போட்ட பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள். இடையில் பாதிப் பணம் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று அவர் தூது விட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முழுசும் வந்தது.

இப்போது பி3 துகள் ஃபில்டர், தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள் விற்கிற கடையில் நேரில் பார்த்து வாங்கியது. துளை வழியாகப் பார்த்தால் மடிப்பு மடிப்பாக வெள்ளைத் தாள் தெரிகிறது. சென்ட் வாசனை ஜோராக உள்ளே வருகிறது. சித்தப்பாவிடம் மட்டும் இந்த மாஸ்க்கைக் கொடுப்பதில்லை. நாம் வெளியே விடுகிற மூச்சு வால்வு வழியாக வடிகட்டாமல் போகிறது, நோயாளி போட்டால் சுற்றி இருப்பவர்களுக்குப் பிரயோஜனமில்லை. அவருக்குச் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க்தான்.

அந்த விற்பவர் கடையின் பெயரை மாற்றிவிட்டார், படத்தை மாற்றவில்லை. வெள்ளை ஸ்டிக்கர், பச்சை வைரஸ், சிவப்புக் கோடு. படத்தைப் பெரிதாக்கினால் ஸ்டிக்கரின் கீழ் விளிம்பில் பழுப்புப் பட்டை ஒரு நூல் அளவு எட்டிப் பார்க்கும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் மாட்டுவதற்கு முன் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள், உரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.