காட்பாடியில் இறங்கியதும் புகார்: நேரிலா, ஆன்லைனிலா?

ஜோலார்பேட்டை தாண்டியபின் ரயிலில் செல்போன் திருடு போகிறது. காட்பாடியில் இறங்கும்போதுதான் தெரிகிறது. 1.7.2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீஸில் புகார் தர 173ஆம் பிரிவில் இரண்டு வழி தருகிறது.

நேரில் போனால், "எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த எல்லையில் நடந்தாலும் புகாரை வாங்கியாக வேண்டும். வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். கையில் தரும் தாளின் தலைப்பைப் பாருங்கள்: சி.எஸ்.ஆர். என்றிருந்தால் அது மனு பெற்றதற்கான ரசீது மட்டுமே, வழக்குப் பதிவு அல்ல. பலர் ஏமாறுவது இங்கேதான்.

ஆன்லைனில் அனுப்புவது சுலபம். ஆனால் 3 நாளுக்குள் கையெழுத்துப் போட்டால்தான் பதிவாகும். சிகிச்சைக்காக வேலூர் வந்து மறுநாளே ஊர் திரும்புகிறவர்கள் இதில் கோட்டை விடுவார்கள். அவர்களுக்கு நேர்வழிதான் நல்லது.

எந்த வழியானாலும் போன் வந்த அட்டைப்பெட்டியில் உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் (அந்த போனுக்கே உரிய அடையாள எண்) பில்லையும் சேர்த்துக் கொடுங்கள். சாதாரணத் திருட்டில் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது; ரயிலிலிருந்து திருடு போனால் இந்த வரம்பு கிடையாது.

பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.