ஜூபிட்டர் 37ஏ: குறைந்த விலையில் ஒரு பழைய டெலி லென்ஸ்

கையால் ஃபோகஸ் செய்யும் பழைய மேனுவல் டெலி லென்ஸ்களில் (தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டுபவை) எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஜூபிட்டர் 37ஏ-வைத்தான். சோவியத் தயாரிப்பு, 135 மிமீ, முழுத் திறப்பு எஃப் 3.5, கேமராவில் திருகி மாட்டும் எம்42 மவுண்ட். சோனி ஏ6000-இல் மாட்டிச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். கிராப் சென்சார் (35 மிமீ ஃபிலிமைவிடச் சிறியது) என்பதால் ஏறக்குறைய 200 மிமீ அளவுக்கு நெருக்கம் கிடைக்கிறது.

ஏ6000 மாதிரி மிரர்லெஸ் கேமராவுக்கு ஒரு சாதாரண அடாப்டர் (இணைப்பு வளையம்) போதும். கேனான் டிஎஸ்எல்ஆரிலும் மெல்லிய வளையத்தோடு வேலை முடிந்துவிடும். நிக்கான் டிஎஸ்எல்ஆர்காரர்கள்தான் யோசிக்க வேண்டும். எம்42 லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 மிமீ தள்ளி இருக்க வேண்டும். நிக்கானில் மவுண்டே 46.5 மிமீ தள்ளித்தான் இருக்கிறது. உள்ளே லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது. இந்த லென்ஸைக் கேமரா அடையாளம் காணாது என்பதால், சோனியில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி மெனுவில் மாற்றிவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் அபெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை. 12 இதழ்கள், அதனால் குறைத்து வைத்தாலும் துளை வட்டமாகவே இருக்கும். பின்னணி விளக்குகள் அழகாக விழும். துளைக்கு வளையங்கள் இரண்டு: ஒன்று எல்லை வைக்க, மற்றது திறந்து மூட. முதலாவதை 5.6-இல் வைத்துவிட்டு, மற்றதை முழுக்கத் திறந்து ஃபோகஸ் செய்து, கண்ணை எடுக்காமலே மூடினால் சரியாக 5.6-இல் முட்டி நிற்கும். பழகிவிட்டால் கை தானாகச் செய்யும்.

ஃபோகஸ் பீக்கிங்கை (ஃபோகஸான விளிம்புகளைத் திரையில் நிறம் காட்டும் வசதி) மட்டும் நம்பாதீர்கள். 3.5-இல் முகம் எடுத்தால் இமையும் மூக்கும் சேர்ந்தே மின்னும்; திரையில் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணில் ஃபோகஸ் வைத்தால்தான் சரி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நிற்கிற கூழைக்கடாவை எடுக்கலாம், பறக்கிறதற்கு ஆசைப்படக் கூடாது. ஏ6000 பாடியில் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமன் செய்வது) கிடையாது, அதனால் 1/250 வினாடி ஷட்டர் வேகத்துக்குக் கீழே நான் இறங்குவதில்லை. வெயிலுக்கு எதிரே பிடித்தால் படம் வெளுத்துவிடும். லென்ஸ் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பான 52 மிமீ ஹூட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

வாங்கும்போது மொபைல் டார்ச்சைப் பின்பக்கம் அடித்து முன்பக்கம் வழியே பாருங்கள். தூசி பரவாயில்லை. இதழ்களில் எண்ணெய் இருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். இதழ்களை ஸ்பிரிங் மூடும் லென்ஸ்களில்தான் அது தொல்லை, இதில் மூடுவது நம் கைதானே. ஆனால் சிலந்தி வலை மாதிரிக் கிளைவிட்ட பூஞ்சை தெரிந்தால், “படத்தில் தெரியாது சார்” என்று எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம். சென்னை ஈரத்தில் அது வளரும். கண்ணாடி மேல் பூசிய கோட்டிங்கை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. நல்ல லென்ஸையும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில்தான் வைக்க வேண்டும்.